பரிபூரணம் மதினி ஜப்பானில் தொலையவில்லை

ராஜபாளையத்தில் போய்ப் பரிபூரணம் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று பிடிபடாது. "ஜப்பான்ல தொலஞ்சு போனாளே, அவளா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுத்தான் வீட்டைக் காட்டுவார்கள். நான் வாழ்க்கைப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இதே கதைதான். ஒருநாள் பால்கோவாக் கடையில் நிற்கும்போது, முன்பின் தெரியாத ஒருத்தி இன்னொருத்தியிடம் இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "அவிய தொலையலம்மா" என்று நடுவில் புகுந்து சொன்னேன். கடைக்காரர் உட்பட எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும். நடந்தது என்ன என்று யாராவது ஒருவர் சொல்லித்தானே ஆக வேண்டும்.

பரிபூரணம் என் அண்ணன் மொக்கைச்சாமியின் மனைவி, எனக்கு மதினி. பிறந்த ஊர் சுந்தரபாண்டியம். அண்ணனுக்கு நூல் மில்லில் வேலை. மதினிக்கு அந்த மில் முதலாளி வீட்டில் சமையல். மதினிக்கு நகை மேல் ஆசை கிடையாது, சேலை மேலும் கிடையாது. ஊர் பார்க்கிற ஆசை ஒன்றுதான். பிளவக்கல் அணை நிறைந்துவிட்டது என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், அடுத்த ஓய்வு நாளில் புளிச்சோற்றைக் கட்டிக்கொண்டு வத்திராயிருப்பு பஸ்ஸில் ஏறிவிடுவாள். அங்கே போய்க் குளிக்கிறது, கூத்தடிக்கிறது எல்லாம் இல்லை. கரையில் நின்று தண்ணீரைப் பார்ப்பாள், மலையைப் பார்ப்பாள், திரும்பிவிடுவாள். ஆலங்குளத்தில் சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் தோண்டுகிற பள்ளத்தைக்கூட விட்டுவைக்கவில்லை.

"அதுல என்ன மதினி இருக்கு பாக்க?" என்று கேட்டேன்.

"எம்புட்டுப் பெரிய பள்ளம் தெரியுமா? ஒரு நா வந்து பாருட்டி" என்றாள்.

அப்படிப்பட்டவளிடம் வந்துதான் முதலாளியம்மா ஜப்பான் என்றார். எண்பத்தொன்பதாம் வருஷம் சித்திரை மாதம். புது மிஷின் பார்ப்பதற்காக மில் முதலாளிகள் சிலர் குடும்பத்தோடு கிளம்பினார்கள். மிஷின் என்பது பேருக்கு. கோயில், கடைவீதி, பனிமலை என்று சுற்றுவதுதான் திட்டம். எங்கள் முதலாளிக்கு ரசமும் மோர்ச்சோறும் இல்லாமல் ஒருவேளை இறங்காது. அதனால் சமையலுக்கு ஓர் ஆள் கூடவே வர வேண்டியிருந்தது. கேட்ட ஆண்களில் ஒருவரும் அவ்வளவு தூரம் வரச் சம்மதிக்கவில்லை.

"காலைல ஆக்கி வச்சிட்டு எங்களோடயே பஸ்ல வந்துரு பரிபூரணம். நாங்க பாக்குற எடமெல்லாம் நீயும் பாக்கலாம்" என்று முதலாளியம்மா வாக்குக் கொடுத்தார்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மதினி போனாள். வேறு எதற்காகவும் இல்லை. புறப்படுகிற அன்று அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கல்யாணத்தன்றுகூட அப்படி இருந்ததில்லை என்று அண்ணனே சொன்னான்.

அங்கே போனதும் வாக்கு காற்றோடு போய்விட்டது. கரண்ட் அடுப்பும் பிரஷர் குக்கரும் ராஜபாளையத்திலிருந்து போயிருந்தன. ஓட்டல் அறையில் வைத்துச் சமைப்பது ஓட்டல்காரர்களுக்குத் தெரியக் கூடாது. தாளிக்கிற வாடை வெளியே போகாமல் இருக்கக் கதவிடுக்கில் ஈரத்துண்டைச் செருகச் சொன்னார்கள். மிளகாய் நெடியில் மதினி உள்ளேயே இருமிக்கொண்டு கிடந்தாள். தோக்கியோவில் முதல்நாள் பஸ்ஸில் ஏறப் போனால், அவளுக்கென்று இருந்த சீட்டில் சாப்பாட்டுக் கூடைகளும் குடைகளும் உட்கார்ந்திருந்தன. "இன்னைக்கு நெருக்கடியா இருக்கு, நாளைக்கு வா" என்றார்கள். மறுநாள் பெண்கள் எல்லாரும் நைலக்ஸ் சேலையும் டேப் ரிக்கார்டரும் வாங்கக் கடைவீதிக்குப் போனார்கள். "கடையில ஒனக்கு என்ன வேல?" என்று நிறுத்திவிட்டார்கள். ராத்திரி வந்து, ஆளைவிடப் பெரிய சிவப்புக் காகித விளக்குத் தொங்குகிற கோயிலைப் பற்றி அளந்துவிட்டார்கள். மதினி தோசை வார்த்துப் போட்டுக்கொண்டே கேட்டாள். கேட்கத்தான் கூட்டிப்போனார்கள்போல.

ஊர் மாறுகிற அன்று வேறு வழியில்லாமல் அவளையும் பஸ்ஸில் ஏற்றினார்கள். அந்த வழியில்தான் உலகமே படம் பிடித்து மாட்டி வைத்திருக்கிற புஜி மலை. வலது பக்கம் தெரியப் போகிறது என்று கூட வந்த கைடு மைக்கில் சொன்னார். முதலாளியம்மா வலது பக்க ஜன்னலோரம் இருந்தார். முகத்தில் வெயில் அடிக்கிறது என்று திரையை இழுத்து மூடிவிட்டார்.

"செத்த நேரம் தெறந்துக்கிடவாம்மா?" என்று பின்சீட்டிலிருந்து மதினி கேட்டாள்.

"தல வலிக்குது பரிபூரணம், சும்மா இரு" என்று சொல்லிவிட்டு அவர் தூங்கிப்போனார். பஸ்ஸில் பாதிப்பேர் தூங்கினார்கள். திரை ஆடும்போது இடைவெளியில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது என்றாள் மதினி. அது மலையா மேகமா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. ஊருக்கு வந்த முதலாளியம்மா அந்த மலையின் படம் போட்ட காலண்டரை ஹாலில் மாட்டி, வந்தவர்களுக்கெல்லாம் விளக்கம் சொன்னார். எனக்கு அந்தக் காலண்டரைப் பிடுங்கித் தூரப்போட வேண்டும்போல வரும்.

க்யோத்தோ என்ற ஊருக்கு வந்தார்கள். கோயில்களுக்கே பேர்போன ஊர். தங்கத் தகடு வேய்ந்த கோயிலுக்கு எல்லாரும் கிளம்பினார்கள். இந்த முறை "வா" என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை. மதினிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. ரசம் வைத்தாள், பொரியல் செய்தாள், சோற்றை வடித்து மூடினாள். அடுப்பை அணைத்தாள். மேஜை மேல் ஓட்டல் பெயரும் விலாசமும் அச்சடித்த தீப்பெட்டி ஒன்று கிடந்தது. வழி தவறினால் யாரிடமாவது காட்டலாம் என்று அதை முந்தானையில் முடிந்துகொண்டு இறங்கிவிட்டாள். தொலைந்து போகிறவள் விலாசத்தை முடிந்துகொண்டா போவாள்? இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்.

இரண்டு தெரு தள்ளி ஒரு பெரிய கோயில். எல்லாம் மரம். நம் கோபுரம்போல் கல்லும் இல்லை, சுதையும் இல்லை. வாசலே ஒரு வீட்டைவிட உயரம். கோயில் என்றால் நாம் என்ன செய்வோம்? மதினியும் அதைத்தான் செய்தாள். வாசல் ஓரமாகச் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒரு கும்பிடு போட்டு உள்ளே போனாள். முற்றம் முழுக்கச் சரளைக்கல். வெறுங்காலில் குத்தக் குத்த நடந்தாள். அங்கே இருந்தவர்கள் எல்லாரும் முற்றத்தில் பூட்ஸ் காலோடு நடந்தார்கள். மண்டபத்துப் படியில்தான் கழற்றினார்கள். கழற்றியதை ஒரு பையில் போட்டுக் கையோடு சாமியிடம் கொண்டுபோனார்கள்.

"செருப்பக் கையில வச்சிக்கிட்டுச் சாமி கும்பிடுதாகட்டி" என்று என்னிடம் சொல்லும்போது மதினிக்குச் சிரிப்பு அடங்காது.

அந்த மண்டபத்துத் தாழ்வாரத்தில்தான் அதைப் பார்த்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் தேர்வடம்போல் ஒரு கயிறு சுருட்டி வைத்திருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் அது நாரில் முறுக்கிய சாதாரண வடமாக இல்லை. முடி. பக்கத்தில் நின்ற ஒரு வயதான அம்மா, மதினி பார்க்கிற பார்வையைக் கண்டு, தன் தலைமுடியைப் பிடித்துக் காட்டி, பிறகு மேலே இருந்த உத்தரத்தைக் காட்டி, இழுப்பதுபோல் கையசைத்தார். கோயில் கட்ட மரம் இழுத்தபோது கயிறெல்லாம் அறுந்ததாம், பெண்கள் தங்கள் கூந்தலைக் கொடுத்து வடம் முறுக்கினார்களாம். இந்த விவரமெல்லாம் பின்னால்தான் தெரிந்தது. அன்றைக்கு மதினிக்குப் புரிந்தது இவ்வளவுதான்: பெண்கள் முடி, இந்தக் கோயில், இழுத்திருக்கிறார்கள். கருப்பு முடியோடு நரைமுடியும் கலந்து கிடந்ததாம். அந்த அம்மாவும் மதினியும் அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரு பாஷையும் பொதுவில்லை.

வெளியே வந்தால் செருப்பைக் காணவில்லை. நம் ஊரில் நடக்காததா? போனால் போகிறது என்று வெறுங்காலோடு ஓட்டலைப் பார்க்க நடந்தாள். பின்னாலேயே ஒரு போலீஸ்காரர் ஓடிவந்தார். கையில் காகிதப் பை, அதற்குள் மதினியின் ரப்பர் செருப்பு. கோயில் வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு அனாதையாகக் கிடந்தால் அந்த ஊரில் அது பெரிய விஷயம். யாருக்கு என்ன ஆயிற்றோ என்று எடுத்துக்கொண்டு ஆளைத் தேடியிருக்கிறார். சேலை கட்டி வெறுங்காலோடு போகிறவளைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. குனிந்து கும்பிட்டுப் பையைக் கொடுத்தார். தங்கியிருக்கிற இடம் இதுதான் என்று மதினி தீப்பெட்டியைக் காட்டினாள். மரியாதைக்காக ஓட்டல் வாசல்வரை கூடவே நடந்து வந்தார்.

அதே நேரம் பார்த்து பஸ் வந்து நின்றது. முதலாளி குடும்பம் மொத்தமும் இறங்கியது. பரிபூரணம் பக்கத்தில் போலீஸ்.

முடிந்தது கதை. அவள் வாயைத் திறக்கவே விடவில்லை. "தொலஞ்சு போயிருந்தா யாருக்கு வில்லங்கம்?" என்று நடுத்தெருவில் வைத்து ஏசினார்கள். ஊருக்கு வந்ததும் ஏச்சு சிரிப்பாக மாறியது. அதுதான் இன்னும் மோசம். விருந்தாளி வந்தால் மதினியைக் கூப்பிட்டு நிற்க வைத்து, "போலீஸ் புடிச்ச கதயச் சொல்லு" என்பார்கள். முடி வடத்தைப் பற்றி ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "புத்தியும் சேந்து தொலஞ்சு போச்சு" என்றார் முதலாளியம்மா. அண்ணனுக்கும் அங்கேதான் வேலை என்பதால் மதினி பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். நான்தான் ஒவ்வொரு முறையும் கொதித்தேன்.

சில வருஷம் கழித்து அந்த வடத்தைப் பற்றி ஒரு வாரப்பத்திரிகையில் படத்தோடு வந்தது. அதற்குப் பிறகு யாரும் மதினிக்குப் புத்தி தொலைந்துவிட்டது என்று சொல்லவில்லை. அதைவிடக் கேவலமான ஒன்றைச் செய்தார்கள்.

தொண்ணூற்று நாலில் முதலாளி மகள் கல்யாணம், ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்தில். அண்ணன் குடும்பம் என்று எனக்கும் பத்திரிகை வந்திருந்தது. மதினி பந்தியில் சாம்பார் வாளியோடு போய்க்கொண்டிருந்தாள். மதுரையிலிருந்து வந்த சம்பந்தி வீட்டாரிடம் முதலாளியம்மா ஜப்பானைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"பொம்பளைங்க முடியாலயே வடம், நீங்க நம்ப மாட்டீங்க. அத அசந்துபோய்ப் பாத்துட்டு நாங்க ஓட்டலுக்கு வந்தா, இந்தா போறாளே, இவளப் போலீஸ்காரன் புடிச்சிட்டு வந்து நிக்கான். தொலஞ்சு போயிட்டா. ஏ பரிபூரணம், நீயே சொல்லேன்."

எல்லோரும் சிரித்தபடி மதினியைப் பார்த்தார்கள். எனக்கு இலையை மூடிவிட்டு எழுந்துவிடலாம்போல இருந்தது.

மதினி வாளியைக் கீழே வைத்தாள். சத்தம் போடவில்லை. "அந்தக் கோயிலுக்கு நீங்க வரலம்மா. நான் மட்டுந்தான் போனேன். தொலைஞ்சுல்லாம் போகல. பாக்கணும்னு போனேன். பாத்துட்டு வந்தேன்" என்றாள்.

சிரிப்பு நின்றது. முதலாளியம்மாவின் முகம் சுருங்கியது. "சரி சரி, போய்ப் பாயசத்த எடுத்துட்டு வா" என்றார்.

மதினி போகவில்லை. என் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. சேலையை உதறிக்கொண்டு, சம்பந்தி வீட்டாருக்கு எதிரே, அந்தப் பந்தியில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் ஒரு எலை போடுங்க தம்பி" என்றாள்.

இலைக்கட்டோடு நின்றவன் முதலாளியம்மாவைப் பார்த்தான். அவர் வேறு பக்கம் பார்த்தார். "போடுலே" என்றேன் நான். போட்டான். சோறு வந்தது, சாம்பார் வந்தது. மதினி தலை நிமிர்ந்து நிதானமாகச் சாப்பிட்டாள். பாயசம் மட்டும் அவள் இலையைத் தாண்டிப் போய்விட்டது. நான் எழுந்து போய் வாளியை வாங்கிவந்து அவளுக்கு ஊற்றினேன்.