குத்தியன் என்றொரு வசை

நார்த்மீட் என்ற புறநகரில் வாடகை அறையில் இருந்த காலத்தில், ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடிக்கும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தேன். மடிக்கும் மேசையில் நாங்கள் மூன்று பேர். எனக்கு இடப்பக்கம் ஈராக்கிலிருந்து வந்த அசீரியக் கிறிஸ்தவர் ஒருவர், அறுபதைத் தாண்டியவர். வலப்பக்கம் ஈரானின் சாக்ரோஸ் மலைகளிலிருந்து வந்த ஒரு குர்து இளைஞன். என்னைப்போலப் படகில் வந்து தற்காலிக விசாவில் இருந்தவன். எங்கள் மூவரின் ஆங்கிலமும் அரைகுறை. அவர்கள் பேசியதெல்லாம் எனக்குள் என் தமிழாகவே தங்கியிருக்கிறது.

இளைஞன் வேலைக்கு வந்த அன்றே, எந்த இடம் என்று பெரியவர் கேட்டார். மலை என்று அவன் சொன்னதும், "அப்ப நீ குத்தியன்" என்றார்.

சாப்பாட்டு நேரத்தில் எனக்கு விளக்கம் சொன்னார். நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் தங்கள் மண்ணில் அக்காத் என்ற பேரரசு இருந்ததாம். மலையிலிருந்து குத்தியர் இறங்கி வந்தார்களாம். அரசு விழுந்தது, வாய்க்கால்கள் தூர்ந்தன, தெருவில் நடக்க ஆட்கள் பயந்தார்கள். மனித உணர்வும் நாய்ப் புத்தியும் குரங்கு உருவமும் கொண்ட சனம் என்று அந்தக் காலத்தவர்கள் களிமண்ணில் எழுதி வைத்தார்களாம். முந்தாநாள் தன் வீட்டில் களவு போனதைச் சொல்பவர்போல அவர் இதைச் சொன்னார். அவருடைய ஊர்த் தேவாலயம் எரிந்ததும் தம்பி கொல்லப்பட்டதும் எனக்குத் தெரியும். கொன்றவர்கள் குர்துகள் அல்லர். ஆனால் ஊருக்குக் காவல் நின்ற குர்துகள் ஒரு சொல்லும் சொல்லாமல் விலகிப் போனார்கள் என்பது அவருடைய ஆறாத கோபம்.

இளைஞன் முதலில் சிரித்தான். பிறகு தொலைபேசியில் தேடி வாசித்துவிட்டு வந்து கேட்டான்.

"அதை எழுதினது ஆர்? எங்களிட்டத் தோத்த ஆக்கள். குத்தியன் எழுதின ஒரு வரியாவது மிச்சம் இருக்கோ?"

இல்லைதான். நானும் தேடிப் பார்த்தேன். அவர்களுடைய மொழியில் எஞ்சியிருப்பது சில அரசர்களின் பெயர்கள் மட்டும். சில தலைமுறை ஆண்டார்கள். கடைசி அரசன் ஊருக் நகரத்து அரசனிடம் தோற்று, மனைவி பிள்ளைகளோடு ஒரு சின்ன ஊருக்குத் தப்பி ஓடினான். வென்றவனுக்குப் பயந்து அந்த ஊர்க்காரர்களே அவனைப் பிடித்துக் கொடுத்தார்கள். வென்றவன் அவன் கழுத்தில் காலை வைத்தான். அதன் பிறகு பல நூறு ஆண்டுகள், மலையிலிருந்து யார் வந்தாலும் சமவெளிக்காரர்களுக்குக் குத்தியன்தான். குர்துகள் அவர்கள் வழி வந்தவர்கள் என்று யாரும் நிரூபித்ததில்லை. இந்த இருவருக்கும் நிரூபணம் தேவைப்படவில்லை.

எனக்கு இது புதிதல்ல. வன்னியில் ஒரு சோதனைச் சாவடியில், இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய ஒரு போரைச் சொல்லி, அதில் உங்கள் அரசன் தோற்றவன்தானே என்று ஒரு சிங்களச் சிப்பாய் என் அப்பாவைக் கேட்டான். அப்பா ஓம் என்று தலையாட்டினார்.

விரிப்பு கோணலாக மடிந்தால் குத்தியன், தேநீர் சிந்தினால் குத்தியன். விட்டுவிடுங்கள் என்று பெரியவரிடம் சொல்லிப் பார்த்தேன். பகிடிதானே என்றார்.

ஒரு காலை இளைஞன் வீங்கிய கண்களோடு வந்தான். எல்லை மலைகளைக் களவாகக் கடந்து சரக்குச் சுமந்து பிழைத்த அவனுடைய அண்ணனை எல்லைக் காவலர்கள் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். என்னிடம் மட்டும் சொன்னான், வேறு யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றான். அறையில் தனியே இருக்க முடியாமல்தான் வேலைக்கு வந்திருந்தான். கொஞ்ச நேரத்தில் அவன் கையிலிருந்து ஒரு விரிப்பு நழுவி நிலத்தில் விழுந்தது.

"குத்தியனுக்கு எப்பதான் நாகரிகம் வரப்போகுது" என்றார் பெரியவர்.

அவன் பாய்ந்து தள்ளினான். பெரியவர் இரும்பு வண்டியின் விளிம்பில் போய் விழுந்தார். தலை பிளந்தது.

பொலிஸ் வந்தது. ஓர் இளம் பெண் அதிகாரி என்னை விசாரித்தார். அந்தச் சொல்லை எழுத்துக் கூட்டச் சொன்னார். அது எந்த நாட்டுச் சனம் என்று கேட்டார். இப்போது அப்படி ஒரு சனம் இல்லை என்றேன். பேனையை நிறுத்திவிட்டு, பிறகு எதற்காக அவனுக்குக் கோபம் வந்தது என்றார். அண்ணன் செத்ததைச் சொன்னேன். அவர் தலையசைத்தார்.

வழக்குப் பதிவானதும் விசாவை ரத்துச் செய்து அவனைத் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். தலையில் தையலோடு திரும்பி வந்த பெரியவரிடம் அப்போதுதான் அண்ணனைப் பற்றிச் சொன்னேன். அடுத்த நாளே அவர் பொலிஸ் நிலையம் போய்த் தனக்கு முறைப்பாடு ஒன்றும் இல்லை என்றார். இனி அது அவர் கையில் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

முகாமுக்கு நான் போனபோது அவரும் கூட வந்தார். இளைஞன் மெலிந்திருந்தான். அவரைக் கண்டதும் எழுந்து போய்விடுவான் என்று பயந்தேன். போகவில்லை. நெடுநேரம் என்னோடு பேசிவிட்டுக் கடைசியில் அவர் பக்கம் திரும்பினான்.

"உங்கட தம்பியைக் கொன்றவனும் என்ர அண்ணாவைக் கொன்றவனும் வேற வேற ஆக்கள். ஆனா அடி வாங்கினது நீங்கள், உள்ளுக்கு இருக்கிறது நான்."

பெரியவர் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். ஆங்கிலம் வரவில்லை. தன் மொழியில் ஏதோ சொன்னார். அவனுக்கு அது விளங்கவில்லை.

அவனை நாட்டின் மேற்குக் கோடியிலுள்ள ஒரு முகாமுக்கு மாற்றினார்கள். மாதத்துக்கு ஒருமுறை தொலைபேசியில் எடுத்தான், பிறகு அதுவும் குறைந்தது. அண்ணனின் பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை, திரும்பிப் போகச் சம்மதம் என்று ஒப்பமிட்டுவிட்டேன், போகிறேன் என்று ஒருநாள் சொன்னான். போன பிறகு அந்த எண் வேலை செய்யவில்லை.

ஏதாவது தெரியுமா என்று பெரியவர் இப்போதும் என்னைக் கேட்பார். இல்லை என்பேன். அவர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, தலையைக் குனிந்தபடி சாப்பிடத் தொடங்குவார்.