இறக்கத்தில் தெரியும் கோடு

திருமலையிலிருந்து இறங்கும் பாதையில், ஒரு வளைவில், பாறைச் சுவரின் குறுக்கே ஒரு கோடு தெரியும். கோட்டுக்குக் கீழே இருப்பது பூமியின் ஆழத்தில் உருகிக் கிடந்து ஆறி இறுகிய பழம்பாறை. மேலே இருப்பது நீரடியில் மணல் படிந்து இறுகியது. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய எண்பது கோடி ஆண்டுகள் இல்லை. அப்போது படிந்தவை அரித்துப் போயினவோ, எதுவுமே படியவில்லையோ, இங்கே சாட்சி கிடையாது. ஓரத்தில் அறிவிப்புப் பலகை உண்டு. பேருந்தில் போகிறவர்கள் படித்து முடிப்பதற்குள் வளைவு முடிந்துவிடும்.

தங்கையும் நானும் அப்படித்தான் பார்த்திருக்கிறோம். நகரியில் எங்கள் வீட்டில் வருஷத்துக்கு ஒருவருக்காவது மொட்டை வேண்டுதல் இருக்கும். திரும்பும் பேருந்தில் ஜன்னலோரத்துக்குச் சண்டை. "ஏய், வருது பாரு, வருது!" என்று கத்துவேன். அவள் எட்டிப் பார்க்கும்போது சுவர்மேல் குரங்குதான் உட்கார்ந்திருக்கும்.

"நீ காட்றதெல்லாம் கொரங்குதாண்ணா."

என்றாவது காரில் வந்து, இறங்கி, இரண்டு பாறையையும் தொட்டுப் பார்ப்பது என்று பேசி வைத்திருந்தோம்.

பிறகு அவள் கல்யாணமாகி ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைக்கு, பெர்த்துக்குப் போனாள். நைனாவும் அம்மாவும் காலமானார்கள். வீட்டை விற்றோம். நான் சித்தூரில் தங்கிவிட்டேன். கண்டங்கள் நகர்வதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அவள் நிலமும் நம் நிலமும் ஒருகாலத்தில் ஒட்டிக் கிடந்தவை. அடியிலுள்ள சூடான பாறை மிக மெதுவாகப் புரள, மேலோடு பிளந்து விலகியிருக்கிறது. இன்றும் இரண்டும் வடக்கு நோக்கியே நகர்கின்றன. அவளுடையது சற்று வேகமாக. கணக்குப் போட்டால், வருஷத்துக்குச் சுமார் ஒரு விரல் அகலம் அவள் நெருங்கி வருகிறாள். போனில் சொன்னேன்.

"அப்ப நான் எதுக்கு டிக்கெட் எடுக்கணும்? இங்கயே உக்காந்துக்கினு இருந்தா வந்துடுவேன் இல்ல?"

சிரித்தேன். போனை வைத்த பிறகு முகத்தில் சிரிப்பு தங்கவில்லை.

போன தை மாதம் மூன்று வயது மகளோடு வந்தாள். குழந்தைக்குத் திருமலையில் மொட்டை, அதே வாரம் வெள்ளிக்கிழமை நகரியில் காது குத்து. இரண்டுக்கும் தாய்மாமன் மடி வேண்டும்.

"ரெண்டும் முடிஞ்சா பாக்கி ஒண்ணும் இல்லண்ணா" என்றாள். "இனிமே நீதான் அங்க வரணும்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். அவள் வருவதற்கு இங்கே இனி எதுவும் மீதமில்லை என்று எனக்குக் கேட்டது.

மொட்டை முடிந்து இறங்கும்போது, கோட்டருகே நிறுத்தும்படி திருப்பதி டிரைவரிடம் கேட்டேன். "நிக்கக்கூடாது சார்" என்று வேகமாக ஓட்டினார். அந்தப் பாதையில் ஒரு வழக்கம் உண்டு. மேலே நேரம் குறித்துச் சீட்டுத் தருவார்கள். சீக்கிரமாகக் கீழே போய்ச் சேர்ந்தால், வேகமாக வந்ததற்கு அபராதம். பலகை கண்ணில் படும்போதுதான் அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அய்யய்யோ, சீக்கிரம் வந்துட்டேன். கொஞ்ச நேரம் நிக்கணும்" என்று ஓரம் கட்டினார்.

"நிக்கக்கூடாதுன்னியே?" என்றாள் தங்கை.

"அது உங்களுக்கும்மா. இது எனக்கு."

குழந்தை சந்தனம் பூசிய தலையை என் மார்பில் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

"நீ போண்ணா, நான் வெச்சுக்கறேன்."

அவள் தூக்கப் போனதும் குழந்தை சிணுங்கி என் சட்டையை இறுக்கிப் பிடித்தது. "நீ போ" என்றேன்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் ஒரு கையைக் கீழ்ப்பாறையில் வைத்தாள். எக்கி, மற்றதை மேற்பாறையில் வைத்தாள். என் கைகள் குழந்தையின் முதுகில் இருந்தன. வெகுநேரம் திரும்பாமல் நின்றவள், திரும்பியதும் சாலை முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

"கொரங்கு இல்லண்ணா!"

"டைம் அயிப்போயிந்தி சார்" என்றார் டிரைவர். நேரம் ஆகிவிட்டதாம்.

"எப்டி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"கீழ இருக்கறது வெயில்ல சூடா கீது. மேல ஜில்லுனு கீது. வேற இன்னா சொல்றது? நீ தொட்டாத்தான் தெரியும்."

சில வளைவுகள் தாண்டி, என் மடியில் இருந்த குழந்தையைப் பார்த்தபடி சொன்னாள்: "வெள்ளிக்கெழம காது குத்த வேணாம்ணா. அடுத்த வாட்டி வெச்சுக்கலாம். அப்ப இவள நான் புடிச்சுக்கறேன், நீ எறங்கு."

"அதுவரைக்கும் காது மூளியாவா இருக்கும்?"

"இருக்கட்டும். அங்க யாரு கேக்கறாங்க?"

காது குத்தவிருந்த பத்தரிடம் வெள்ளிக்கிழமை வேண்டாம் என்று போனில் சொல்லியிருந்தேன். அவளை விமானம் ஏற்றிவிட்ட மறுநாள், நேரிலும் சொல்வதுதான் மரியாதை என்று நகரிக்குப் போய் அவரிடம் விவரம் சொன்னேன். தட்டிக்கொண்டிருந்ததை அவர் நிறுத்தவில்லை.

"சரி, எந்தத் தேதிக்கு?"

எங்கள் வீட்டில் எது எப்போது நடந்தது என்று யார் கேட்டாலும், தேதியும் கிழமையும் சொல்கிறவன் நான். சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"சரி விடு, வரும்போது சொல்லு. காது எங்க போயிடப் போவுது?"