திரும்பி வந்த அரிசி மூட்டை

கல்மண்டபத்தில் எங்களுக்கு அரிசி மண்டி. காசிமேட்டில் ஒரு குப்பமே எரிந்துபோனபோது, அந்தக் குப்பத்துப் பெண்களே சேர்ந்து உதவிப் பொருள்களை வாங்கிப் பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒரு மூட்டை அரிசி அனுப்பினேன். மத்தியானமே அது கைவண்டியில் திரும்பி வந்துவிட்டது. கூடவே வந்த மீன்கார அம்மா, "அரிசி நெறைய வந்துகீது நைனா. வடிக்கத்தான் சட்டி பானை ஒண்ணும் இல்ல. அத்த வாங்கிக் குடு" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. தர்மம் என்று வாசல் தாண்டிய அரிசி மறுபடி கடைக்குள் வரக்கூடாது என்பது எங்கள் குடும்பத்து வழக்கம். "கொடுக்கிறவனுக்கே உத்தரவா?" என்று கத்தி அனுப்பினேன். அதே மூட்டையை, பேண்டு வாத்தியத்தோடு வசூலுக்கு வந்த ஒரு நிவாரணக் கமிட்டிக்குத் தூக்கிக் கொடுத்தேன். அவர்கள் இது வேண்டாம், அது வேண்டும் என்று சொல்லாமல் மாலை போட்டார்கள். எனக்கும் உச்சி குளிர்ந்துபோயிற்று.

அடுத்த வாரம் ஒரு தரகர், மலிவாகத் தருகிறேன் என்று ஒரு மூட்டை அரிசியோடு வந்தார். மூட்டையின் வாயைப் பார்த்தேன். எங்கள் மண்டியில் தர்ம மூட்டைக்கு மட்டும் போடுகிற நீல நூல் தையல், பிரிக்காமல் அப்படியே இருந்தது.

தரகரை விரட்டிவிட்டு நேரே பாத்திரக் கடைக்குப் போனேன்.

அதற்குப் பிறகு நன்கொடை கேட்டு யார் வந்தாலும் ஒன்றுதான் கேட்பேன்: "உங்களுக்கு எது வேண்டாம்?" பதில் இல்லாதவர்களுக்கு டீ மட்டும்தான்.