டிஷ்யூ பாக்கெட் காக்கும் இடம்

தேக்கா உணவங்காடி நிலையத்தில் பகல் ஒரு மணி. காலி இருக்கைகள் நிறைய இருக்கின்றன, ஆனால் உட்கார இடமில்லை. மேசைக்கு மேசை டிஷ்யூ பாக்கெட்டுகள் கிடக்கின்றன. ஒன்றை வைத்துவிட்டுச் சாப்பாடு வாங்கப் போனால், திரும்பி வரும்வரை அந்த இடத்தை யாரும் தொடுவதில்லை. ஊருக்குப் புதியவனான நான் இது தெரியாமல் ஓரிடத்தில் உட்கார்ந்து, ஒரு பெண் பார்த்த பார்வையிலேயே எழுந்துவிட்டேன். பிறகு என் நண்பரின் தங்கை மாலதிதான் இடம் பிடித்துத் தருகிறாள். அவள் ஆங் மோ கியோவில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை.

காலையில் கண்காட்சியில் பார்த்த அழிந்துபோன நியாண்டர்தால் மனிதரின் மண்டையோடு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

"நாமதான் அவங்களைக் கொன்னுட்டோமா, மாலதி?"

"ஷுவரா யாருக்கும் தெரியாதுண்ணே. ஏற்கெனவே கொஞ்சப் பேர்தான், அங்கங்க சிதறிக் கிடந்தாங்க. சில பேர் நம்மகூடக் கலந்துட்டாங்க. மத்தவங்களை அடிச்சு விரட்டணும்னு இல்ல லா. தண்ணியும் இரையும் இருக்கிற இடத்துக்கு அவங்க வர்றப்ப, நாம அங்க உட்கார்ந்திருந்தாலே போதும்."

சொல்லிவிட்டுச் சாப்பாட்டு வரிசைக்குப் போகிறாள்.

ஒரு பெரியவர் தட்டோடு வருகிறார். நடக்க நடக்க மீன் குழம்பு விளிம்பு தாண்டுகிறது. மேசை மேசையாகப் பார்த்துக்கொண்டே நடக்கிறார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. கடைசியில் தூணருகே நின்றபடியே சாப்பிடத் தொடங்குகிறார்.

என் பக்கத்து இருக்கைக்கு முன்னாலும் ஒரு பாக்கெட் இருக்கிறது. மாலதியின் கணவருக்கான இடம். அவர் நகரின் மறுகோடியில் உள்ள துவாஸிலிருந்து வர இன்னும் அரை மணி ஆகும்.

பெரியவர் இந்தப் பக்கம் திரும்புகிறார். நான் பாக்கெட்டை எடுத்து, அவருக்கு நன்றாகத் தெரியும்படி அந்த இருக்கைக்கு நேராக நிமிர்த்தி வைக்கிறேன்.