நான்காவது மின்னஞ்சல்

கட்டற்ற மென்பொருள் குழுவொன்றின் மின்னஞ்சல் பட்டியலில் சேர்ந்ததும் ஒரு சந்தேகம் கேட்டேன். அதற்கு ஒருவர் எழுதினால் உறுப்பினர் எல்லோருக்கும் போகும். பட்டியலில் என் கேள்வி வரவேயில்லை. மூன்று நாளில் மறுபடி இருமுறை அனுப்பினேன். நான்காவதில், “புதியவர்களை மதிக்காத கூட்டம்” என்று திட்டினேன். பிறகுதான் விதிகளைப் படித்தேன். புதியவர் அனுப்புவதை நெறியாளர் பார்த்த பிறகே வெளியிடுவார். வெளியானது இணையத்தில் எல்லோருக்கும் தெரியும்படி இருக்கும், அழிக்க முடியாது. நாளை எனக்கு வேலை தருபவரும் அதைப் படிக்கலாம்.

மறுநாள் அண்ணனூரில் ரயிலுக்கு நின்றபோது நெறியாளரே அழைத்தார். மின்னஞ்சலின் அடியில் என் எண் இருந்தது.

“இன்னாம்மா, நாலு மெயில் வுட்டுகீறே?”

“சாரிண்ணா, அந்தக் கடைசி மெயில்...”

“மொத மெயில மட்டும் லிஸ்ட்ல போட்டேன், மத்தத தூக்கிட்டேன். திட்டணும்னா எனக்கே நேரா போடும்மா, லிஸ்ட்டு இன்னா பண்ணுச்சு?”

ரயிலில் ஏறிப் பட்டியலைத் திறந்தேன். என் பெயரில் பணிவான ஒரே கேள்வி. கீழே இரண்டு பதில்கள். போன உயிர் திரும்பியது. அந்தத் திட்டு அவருக்கு மட்டும்தான் தெரியும். இப்போது உங்களுக்கும்.