திருப்பாத பக்கம்

என் மகள் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பாமலே வாசித்ததை நான் முதலில் கவனித்தது எழுபதுகளின் கடைசியில், ஒரு மழைக்கால மாலையில். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. நான் சங்கரன்கோவிலில் பள்ளி ஆசிரியர்.

எங்கள் சபைக் குடும்பங்களில் விளக்கேற்றியதும் ஜெபம் நடக்கும். பிள்ளை பைபிளில் ஓர் அதிகாரம் வாசிக்க வேண்டும். நாளுக்கு ஒன்று, வரிசையாக. அன்று பாதியில் அடுத்த பக்கத்துக்குப் போயிருக்க வேண்டும். அவள் விரல் அசையவில்லை. குரல் மட்டும் நிற்காமல் போனது. மனப்பாடம் செய்திருக்கிறாள் என்று புரிந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. பிழையில்லாமல் ஒப்பிப்பதைத்தான் வகுப்பிலும் படிப்பு என்று நம்பியிருந்தேன்.

பிறகு அவள் கைபட்டுத் தம்ளர்கள் கவிழ்ந்தன. கதவு நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டாள். பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுகிறாள் என்று அவள் டீச்சர் சொல்லி அனுப்பினார்.

"இங்கேருங்க, பிள்ளை தடவித் தடவி நடக்கா. பாளையங்கோட்டைக்குப் போயி கண்ணைக் காட்டிருவமா?" என்றாள் மனைவி.

"கண்ணு தெரியாமலா தினமும் வாசிக்கா?"

"வாசிக்காளா, ஒப்பிக்காளா?"

"இந்த வயசுல கண்ணாடிய மாட்டிவிடு. பெறகு மாப்பிள்ளைய நீயே தேடு."

சொல்லிவிட்டுச் சிரித்தேன். மகள் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அதன்பின் அவள் இன்னும் சத்தமாக, இன்னும் திருத்தமாக வாசித்தாள். ஆறு மாதம் அப்படிப் போயிற்று. அந்த ஆறு மாதமும் அவள் பக்கம் திருப்புகிறாளா என்று நான் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்தேன் என்பதே சரி.

ஒரு மாலை எங்கள் சபைப் போதகர் வந்திருந்தார். "இன்னிக்கு இத வாசி மக்கா" என்று வேறொரு பக்கத்தை எடுத்துக் கொடுத்தார். அவள் தாளின்மேல் உள்ளங்கையை வைத்தாள். பிறகு அன்றைய முறைக்குரிய அதிகாரத்தைச் சொல்லத் தொடங்கினாள்.

"இது அது இல்லையே மக்கா."

அவள் நிறுத்தவில்லை. குரல் மட்டும் இறங்கிக்கொண்டே போனது.

அவர் போனதும் மர ஸ்கேலை எடுத்தேன். மூன்றாவது அடியில் அவள் சொன்னாள்: "அடிக்காதீங்கப்பா. நாளைக்கு அதையும் பக்கத்து வீட்டு அக்காவ வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கிடுதேன்."

மறுநாள் பாளையங்கோட்டையில் டாக்டர் அவள் கண்ணுக்குள் வெகுநேரம் பார்த்தார். "எவ்வளவு நாளா இப்படி இருக்கு?"

"ஒரு மாசமா" என்றேன்.

"இது ஒரு மாசத்துல வர்றது இல்ல சார். அஞ்சாறு மாசம் முந்தி வந்திருந்தா, இருந்த பார்வையையாவது காப்பாத்தியிருக்கலாம்."

திரும்பும் பஸ்ஸில் அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "உங்கள ஏமாத்திட்டேன்பா" என்றாள்.

"சரி, விடு" என்றேன். மன்னிப்பது போல.

அவளுக்கு இப்போது பேரப்பிள்ளை இருக்கிறது. அப்பாவை ஏமாற்றியதால் கண் போயிற்று என்று அதனிடம் சிரித்துக்கொண்டே சொல்கிறாள். அந்த மழைக்கால மாலையைப் பற்றி நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை.