அலுமாரிக்குள் கட்டிய கம்ப்யூட்டர்

விடிகாலையில் சுபஹுத் தொழுதுவிட்டு வந்தால் அத்தாஉல்லா பாஸ் தேநீர் கேட்கமாட்டார். தொப்பியைக் கழற்றாமலே அறைக்குள் போய் அலுமாரியைத் திறப்பார். மேல்தட்டில் இருக்கும் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக் கட்டிலில் வைப்பார். உள்ளே மகள் மர்ஷூதாவுக்கு வாங்கிய மதர்போர்ட் இருக்கும். கம்ப்யூட்டரின் மற்றச் சாமான்கள் எல்லாம் வந்து பொருந்துகிற பலகை அதுதான். உறையை உரித்து, நடுவிலிருக்கும் சின்னப் பிளாஸ்டிக் மூடியையும் கழற்றி, காவலுக்கென்று ஆயத்துல் குர்ஸி ஓதி மெதுவாக ஊதுவார். மயிரிழை போன்ற கம்பிகள் அங்கே வரிசை வரிசையாக மினுங்கும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு முழு ஊரை மேலேயிருந்து பார்ப்பதுபோல இருக்கிறதென்று ஒருதரம் மனைவியிடம் சொன்னார்.

அவர் மேசன்; வீடு கட்டுகிறவரை இங்கே பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். கரைத்தீவில் பாதி வீடுகளின் சுவர் அவர் கைபட்டது. மன்னாரிலிருந்து முஸ்லிம் சனம் துரத்தப்பட்டு இங்கே வந்த வருடம் அவர் சிறுபிள்ளை. கிடுகுக் கொட்டிலில் வளர்ந்தவர். பிறகு அவரே தனக்கொரு வீடு கட்டினார். ஒரு வருடம் அத்திவாரம், இன்னொரு வருடம் சுவர், கூரை எப்போதோ. இங்கே எல்லாருடைய வீடும் அப்படித்தான் எழும்பியது. அதனால் மர்ஷூதா, “எல்லாத்தையும் ஒண்டா வாங்குவம் வாப்பா, அதுவரைக்கும் பொறுப்பம்” என்றபோது அவருக்குச் சிரிப்பு வந்தது.

“காசு கையில இருந்தா கரைஞ்சிடும் மகள். கல்லாக் கிடந்தா கல்லாவே கிடக்கும்” என்றார்.

முதலில் கேசிங் வந்தது. ஒரு பக்கம் கண்ணாடி வைத்த கறுப்புப் பெட்டி. சுவர் எழும்பின மாதிரி அவருக்கு ஒரு தெம்பு. அடுத்த வேலை கிடைத்தபோது மதர்போர்ட். நோன்புக்கு முன் ரேம். இடையில் நீண்ட நாள் வேலையில்லாமல் இருந்து, பிறகு பவர் சப்ளை. கடைக்குப் போகும்போதெல்லாம் அவர் ஒரே கதையைத்தான் சொல்வார்: “கல்யாண வீடியோவும் ஓடணும், பஸ்ஸும் ஓடணும்.” கடைக்காரர் விழிப்பார். மகள் போனில் மலைப்பாதையில் பஸ் ஓட்டும் கேம் விளையாடுவாள் என்பதையும், வளைவு வந்தால் தானும் பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதையும் அவர் அப்போது விளக்குவார். இரண்டுக்கும் தாங்கும் கிராபிக்ஸ் கார்ட் வேண்டும் என்று முடிவாயிற்று. அதுவும் வந்து அலுமாரியில் ஏறியது. மனைவியின் சேலைகள் கதிரைக்கு இறங்கின.

விளையாட்டுக்காக மட்டும் இவ்வளவு பாடுபடவில்லை. கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கத்தைப் படமெடுக்க ஒரு பெண் வேண்டும். மர்ஷூதா அந்த வேலை செய்தாள். எடுத்ததை வெட்டி ஒட்டுவது மட்டும் டவுனில் இருந்த ஒரு ஸ்டூடியோவில். அங்கே வேலை செய்தவர்கள் ஆண்கள். முக்காடில்லாமல் தோழிகளோடு சிரித்துக்கொண்டிருந்த ஒரு மணப்பெண்ணின் படம் அங்கிருந்து வெளியே போய், ஊரெல்லாம் போனில் சுற்றியது. அந்தப் பிள்ளை பிறகு வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. மர்ஷூதாமேல் பிழையில்லை என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் ஒருவரும் கூப்பிடவில்லை. பக்கத்து வீட்டு மர்ளியா மட்டும், ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தவள், வேலியடியில் நின்று சொன்னாள்: “வீட்டுக்குள்ளயே வச்சுச் செய்றதெண்டா உன்னயத்தான் கூப்பிடுவன். வெளிய போறதெண்டா வேணாம் புள்ள.”

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் வாப்பாவும் மகளும் இருந்தார்கள்.

கடைசியாக வரவேண்டியது ப்ரொசெசர், அந்தக் கம்பிகளின்மேல் உட்காரும் மூளை. மர்ஷூதா முதலில் பார்த்து வைத்திருந்தது இப்போது கடைக்கு வருவதில்லை. அதைவிட நல்லது, புதுசு என்று கடைக்காரர் ஒன்றைக் காட்டினார். அவர் பொய் சொல்லவில்லை. பாஸும் அலுமாரியில் என்ன பலகை இருக்கிறதென்று சொல்லவில்லை. மகளுக்குப் பெருநாளில் காட்டவேண்டும் என்ற ஆசையில் அவளிடம் கேட்கவுமில்லை. சட்டைப் பையில் போட்டு, பை மேல் கையை வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தார்.

பெருநாள் கழிந்து எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றி, தில்லையடியில் கம்ப்யூட்டர் பூட்டித் தரும் லாபிரிடம் இரண்டு பேரும் போனார்கள். லாபிர் ப்ரொசெசரைப் பலகையில் வைத்துப் பார்த்தான். திருப்பி வைத்துப் பார்த்தான்.

“பாஸ், நீங்க நிலை ஒரு அளவுக்கு வச்சிட்டு, கதவு வேற அளவுல கொண்டந்திருக்கீங்க” என்றான் சிரித்துக்கொண்டு. பிறகு இந்தப் பலகைக்குப் பொருந்தும் பழைய இனத்தில், ஆரோ பாவித்த ஒன்றைத் தேடித் தரலாம், யோசிக்க வேண்டாம் என்றும் சொன்னான். பாஸுக்கு உயிர் வந்தது. அந்த நேரத்தில்தான் லாபிர் டோர்ச்சை அடித்துப் பலகைக்குக் கிட்டக் குனிந்தான். சிரிப்பு நின்றது. கம்பிகளின் அடியில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது.

“இந்த மூடிய ஆர் கழட்டின?”

“நான்தான் தம்பி. ஒவ்வொரு நாளும்.”

லாபிர் டோர்ச்சை அணைத்தான். “உப்புக் காத்து, பாஸ். பலகை போயிட்டு” என்றான்.

களப்பின் உப்புநீரில் சீமெந்து குழைத்தால் கூடவரும் கையாட்களைத் திட்டுகிறவர் அவர். கடல் மண்ணை நல்ல தண்ணீரில் அலசாமல் ஒரு சுவரும் எழுப்பமாட்டார். உப்பு எப்படிக் கல்லைத் தின்னும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அவர் உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடித்து, தன் மூச்சின் ஈரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். மர்ஷூதா அதைக் கண்டாள்.

“ஓதினது வீண் போகாது வாப்பா” என்றாள். “மூடியத்தான் கழட்டியிருக்கப்படாது.”

இன்னொரு பலகை வாங்க இனி எந்த வேலை, எப்போது? அல்லாஹ் அறிவான். மர்ளியா வேலிக்கு இந்தப் பக்கம் வருவதை விட்டுவிட்டாள். அவள் மகளின் கல்யாணம் படமில்லாமலே நடந்து முடிந்தது. மர்ஷூதா காமராவைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு, ஆடைத் தொழிற்சாலைக்குப் பேர் கொடுத்தாள். விடியுமுன் அவளையும் மற்றப் பெண்பிள்ளைகளையும் ஏற்றிப் போகும் தொழிற்சாலை பஸ் வீதியில் ஹோன் அடிக்கும்போது பாஸ் பள்ளியில் இருப்பார். நெற்றியை நிலத்தில் வைத்த ஸுஜூதில் கொஞ்சம் கூடுதலாகக் கிடப்பார்.

இப்போதும் வந்து தேநீர் கேட்பதில்லை. அலுமாரிப் பக்கம் போவதுமில்லை. மகளின் மேசையில் வெறும் கேசிங் நிற்கிறது. கண்ணாடிக்குள்ளே ஒன்றுமில்லை. நேற்றுக் காலை அவர் வேலைப் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து அதன் தலையில் வைத்தார். குமிழி ஒரு பக்கம் ஓடியது. நாள் கடந்துபோன மதர்போர்ட் உத்தரவாத அட்டையை நான்காக மடித்து, பெட்டியின் ஒரு காலுக்குக் கீழே செருகி, குமிழி நடுவுக்கு வரும்வரை குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்.